பனிகுடிச்சானுக்குக் கட்டிய செருப்பு

முதல் செருப்பை நான் கட்டியது மரத்துக்குத்தான், கம்பெனிக்கு இல்லை. கம்பெனிக்குக் கட்டியது பிற்பாடு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு புண்ணியவான் என்னை 'ஆத்திரக்காரி' என்று எழுதியிருக்கிறார். ஆமாம், ஆத்திரக்காரிதான். என் இடத்தில் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு அப்புறம் எழுதட்டும்.

என் பெயர் கோகிலவாணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இப்போதெல்லாம் துணியைக் கேமராதான் பார்க்கிறது. கேமரா சந்தேகப்பட்டு ஒதுக்கித் தள்ளுவதை மறுபடி மனிதக் கண்ணால் பார்க்க எங்களைப் போல நாற்பது பேர். ஓட்டையா, எண்ணெய்க் கறையா, சும்மா நூல் பிசிறா என்று காலை முதல் சாயங்காலம் வரை நின்றபடி பார்க்க வேண்டும். பஸ் ஏறும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். அந்த முக்கால் மணி நேரப் பஸ் பயணத்தில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் 'தோப்பு'.

தோப்பு என்பது போனில் விளையாடுகிற விவசாய விளையாட்டு. நெடுவனம் என்கிற நிறுவனம் வெளியிட்டது. சேர்ந்தவுடன் ஓர் ஏக்கர் கொடுப்பார்கள், ஒரு மண்வெட்டி கொடுப்பார்கள், மிச்சம் உங்கள் பாடு. மற்ற விளையாட்டுகளில் கத்தரி நட்டால் நாலு நிமிடத்தில் காய்க்கும். தோப்பில் அந்தக் கதையே நடக்காது. தண்ணீர் அதிகமானால் வேர் அழுகும். கவனிக்காமல் விட்டால் கரையான் ஏறும். ஆடிக் காற்றில் கிளை முறியும். எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கும், மரங்களைத் தவிர. மரங்கள் மட்டும் எங்கேயும் பார்த்திருக்க முடியாத விசித்திரங்கள்.

உப்புத்தின்னி என்று ஒன்று. கடல் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உச்சி வெயிலில் இலையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும், அதைத் துடைத்துவிடாவிட்டால் மரம் கோபித்துக்கொண்டு வாடிவிடும். கூடுகட்டி என்று ஒன்று. சின்ன வயதிலேயே கிளையைப் பின்னிப் பின்னி விட்டால் அதுவே சுவராகவும் கூரையாகவும் வளரும். நான் என் கூடுகட்டியில் இரண்டு அறையும் ஒரு மாட்டுக் கொட்டகையும் வளர்த்திருந்தேன். வாடகை வீட்டில் இருபது வருடம் குடியிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் வந்ததுதான் பனிகுடிச்சான். பார்க்க முருங்கை மாதிரி இருக்கும், இலை மட்டும் வெள்ளி நிறம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விடியற்காலைப் பனியை இலையாலேயே குடித்துக்கொள்ளும். எந்தக் கட்டாந்தரையிலும் வளரும். எல்லாம் சரி, பூக்காது. உரம் போட்டார்கள், கவாத்துப் பண்ணினார்கள், பாட்டுப் போட்டுக் காட்டினார்கள், ம்ஹூம். 'இதைக் காய்க்க வைப்பவருக்கு மரத்தாய் பட்டம்' என்று நெடுவனம் அறிவித்தது. கோடிப் பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பிறந்தது மூலனூர்ப் பக்கம். அங்கே எந்த முருங்கை மரமாவது காய்க்காமல் ஏமாற்றினால் என்ன செய்வோம்? பழைய செருப்பையும் ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டிக் கிளையில் தொங்கவிடுவோம். மரத்துக்கு ரோசம் வந்து காய்க்கும் என்பார்கள். நான் சின்ன வயதில் இதை எத்தனையோ மரத்தில் பார்த்திருக்கிறேன். அதையே போனிலும் செய்தேன். தோப்பில் நாம் நடக்க நடக்க நம் ஆளின் செருப்பு தேய்ந்துபோகும், புதிது வாங்க வேண்டும். அந்தத் தேய்ந்த செருப்பையும் ஒரு கல்லையும் பனிகுடிச்சானின் கிளையில் கட்டினேன்.

மறுநாள் போனைத் திறந்தால் ஒரு அறிவிப்பு. அதன் ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம். 'அன்புத் தோட்டக்காரரே! உங்கள் மரத்தில் காலணி கண்டறியப்பட்டது. இது நம் சமூக நெறிகளுக்குப் புறம்பானது. காலணியும் அதனுடன் கட்டப்பட்ட கல்லும் அகற்றப்பட்டன.' கீழே என் மரத்தின் படம், தேதி, நேரம், எல்லாம். நான் என்னமோ பெரிய அசிங்கம் பண்ணிவிட்ட மாதிரி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செருப்புதானே ஆகாது, கல் ஆகுமல்லவா என்று கூடுகட்டி வீட்டில் கிடந்த அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போய் அதே கிளையில் கட்டினேன். கிளை வளைந்து தரையைத் தொட்டது. கிடடி அப்படியே என்று விட்டுவிட்டேன். பதினோராம் நாள் அந்த வளைந்த கிளை முழுக்க மொட்டு. மொட்டு பூவாகிக் காயும் பிடித்தது.

அப்புறம் நடந்ததைக் கேட்கவே வேண்டாம். தோப்பு முழுக்க என் பேச்சுதான். பட்டம் கொடுத்தார்கள், என் ஆளின் தலைக்கு மேல் ஒரு தங்கக் குடை போட்டார்கள். செக்கிங்கில் என் பக்கத்து மேஜை ஜெசிந்தா எல்லாருக்கும் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தாள். நெடுவனத்திலிருந்து நிவேதிதா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். தேன் மாதிரிப் பேச்சு. எந்தக் கிளை, எவ்வளவு எடை, எந்தப் பருவம், எப்போது அவிழ்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனாள். நானும் நிஜ மரத்துக்கு எங்கள் பக்கம் செய்வதையெல்லாம் நினைத்து நினைத்து ஒன்றரை மணி நேரம் சொன்னேன். அந்தப் பேச்சில் அவள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சொன்ன பதிலை மட்டும் இங்கே சொல்லாமல் விடுகிறேன். வாய் வரவில்லை. பின்னால் அவர்களே போட்டுக் காட்டுவார்கள், அப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறே மாதத்தில் பனிகுடிச்சான் நிஜ நாற்றாக விற்பனைக்கு வந்தது. போனில் பார்த்த அதே வெள்ளி இலை, அதே தண்டு. எனக்குப் புல்லரித்துப் போனது. ஜெசிந்தாவுக்குத்தான் உறைத்தது.

"அக்கா, நாம வெளையாடவே இல்லக்கா, வேலை பாத்திருக்கோம்" என்றாள் அவள். "நெசமா நடப்போற மரத்த மொதல்ல கம்ப்யூட்டர்ல நட்டு நம்ம கையில குடுத்திருக்காங்க. கோடிப் பேரு கோடி விதமா வளப்போம். எது பலிக்குதோ அத எடுத்துக்குவாங்க. ஆராய்ச்சிக்காரங்களுக்குச் சம்பளம் தரணும். நமக்குத் தங்கக் குடை தந்தாப் போதும்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. நான் வளர்த்த மரம் வெளியே வந்துவிட்டது என்கிற பெருமைதான் தலைக்கு ஏறியிருந்தது. ஊரில் என் தம்பி மயில்சாமிக்கு நாலு ஏக்கர். போர் ஆயிரத்து முந்நூறு அடி போயும் காற்றுதான் வந்தது. நிலத்தைச் சோலார் தகடு போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு, திருப்பூரில் எங்கேயாவது வாட்ச்மேன் வேலைக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான்தான் தடுத்தேன்.

"நான் வளத்த மரம் சாமி. தண்ணியே வேண்டாம். நம்பி நடு."

நட்டான். முந்நூறு மரம். வயலின் ஓரத்தில் நெடுவனம் ஒரு கம்பம் நட்டது. மரங்கள் எப்படி இருக்கின்றன என்று கம்பம் பார்த்துக்கொள்ளுமாம். இரண்டு வருடத்தில் அந்தக் கட்டாந்தரை முழுக்க வெள்ளி நிறத்தில் நின்றது. ஆனால் ஒன்றுகூடப் பூக்கவில்லை. மயில்சாமி யாரையும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரன் என்ன செய்வானோ அதைச் செய்தான். தை மாதம் ஊர் முழுக்கப் பழஞ்செருப்புச் சேகரித்து, கல்லோடு கட்டி, முந்நூறு மரத்திலும் தொங்கவிட்டான். மாசி பிறந்ததும் தோட்டமே பூத்தது. போனில் வீடியோ போட்டுக் காட்டினான். பூவின் வாசனை அங்கே வரைக்கும் வருதாக்கா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

பத்தே நாள். மறுபடி கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"அக்கா, உன்ற தோப்புக்காரங்க கடுதாசி போட்டிருக்காங்க."

"என்னன்னு?"

"நான் கல்லுக் கட்டுனது குத்தமாம். எடைவழிப் பூப்பு முறையின்னு அதுக்குப் பேராம். அது அவியளுக்குத்தான் சொந்தமாம். பதினஞ்சு நாளைக்குள்ள கல்லையெல்லாம் அவுத்துப்போட்டுப் பூவை உருவிடோணும். இல்லீன்னா பத்து வருசத்துக்கு வெளையறதெல்லாம் அவியளுக்கேன்னு கையெழுத்துப் போடோணும்."

"ரெண்டும் மாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவாங்களாம்?"

"நாத்துக்குள்ள கடுகாட்டம் ஒரு மணி வச்சுத்தான் குடுத்திருக்காங்க. கம்பத்துல இருந்து சிக்னல் அடிச்சா மரமே பூவையெல்லாம் உதுத்துப்போடுமாம். அவிய இங்க வரவே வேண்டியதில்ல."

"அடப்பாவிகளா! செருப்புக் கட்டறதுக்கு இவனுக யாருடா அனுமதி குடுக்கிறதுக்கு? நம்மூருல காலங்காலமா..."

"அக்கா" என்று நடுவில் நிறுத்தினான். "அந்தக் கடுதாசியில கண்டுபுடிச்சவிய பேருன்னு ஒண்ணு போட்டிருக்குது."

"யாரு பேரு?"

"உன்ற பேரு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீயாக்கா கண்டுபுடிச்ச?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே நிவேதிதாவைப் பிடித்தேன்.

"வாழ்த்துகள் மேடம், உங்க முறைக்குக் காப்புரிமை கிடைச்சிருக்கு" என்று ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாழ்த்தா? ஏம்மா, என்ற தம்பி தோட்டத்துப் பூவை உதுக்கப் போறேன்னு கடுதாசி போட்டுட்டு எனக்கு வாழ்த்துச் சொல்றயா?"

"அவர் உங்க தம்பியா? எனக்குத் தெரியாது மேடம், சாரி. ஆனா அவர் அனுமதி இல்லாம பயன்படுத்தினது நீங்க கண்டுபிடிச்ச முறையைத்தான். தோப்புல நீங்க செய்யற எதுவும் நிறுவனத்துக்குச் சொந்தம்னு சேரும்போதே சம்மதிச்சிருக்கீங்க."

"அது நான் கண்டுபுடிச்சதே இல்லம்மா! எங்க ஊருல எல்லாரும் செய்யறதுதான்."

"எங்க எழுதி வெச்சிருக்கு மேடம்? ஏதாவது பழைய பதிவு, புத்தகம்?"

"செருப்புக் கட்டித் தொங்கவிட்டதுக்கு யாராச்சும் பத்திரம் எழுதி வைப்பாங்களா?"

"அப்படின்னா எங்ககிட்ட இருக்கறது ஒரே ஆதாரம்தான். உங்க வாக்குமூலம்" என்று சொல்லிவிட்டு ஒரு பதிவைப் போட்டாள்.

முதலில் அவள் குரல்: 'ரொம்ப ஆச்சரியமா இருக்கு மேடம்! இதை யாராவது உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களா, இல்ல நீங்களா யோசிச்சீங்களா?'

அப்புறம் என் குரல். எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்! 'யாரும் சொல்லித் தரலம்மா. நானேதான் யோசிச்சேன்.'

இதுதான் நான் மறைத்தது. சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். யாரைத் திட்டுவது? அந்த நாசமாய்ப் போன கம்பெனியைத் திட்டலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் அந்த வாய் என்னுடையது. ஒரு அல்பப் பெருமைக்கு ஆசைப்பட்டு ஊர்ச் சொத்தைத் தூக்கிக் கம்பெனிக்காரன் கையில் கொடுத்திருக்கிறேன். கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், அந்த ஒரு வார்த்தை உட்பட.

அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "செருப்புக் கட்டினீங்களா? அம்மிக் குழவின்னுதானே எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

"மொதல்ல செருப்பும் கல்லும்தான். அதை எடுத்துப்போட்டு அறிவிப்பு அனுப்பிட்டாங்க. அப்புறந்தான் குழவி."

"எனக்கும் அனுப்புனாங்கக்கா."

"என்னது?"

"உங்களுக்கு எட்டு மாசம் முன்னாடியே நான் கட்டினேன். எங்க திண்டுக்கல் பக்கமும் கட்டுவோம்ல? மறுநாளே எடுத்துட்டு, ஒரு வாரம் வெளையாட விடாமத் தள்ளி வெச்சாங்க. வெக்கமா இருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லல." போனைத் துழாவி எடுத்துக் காட்டினாள். அதே வாசகம். 'காலணியும் அதனுடன் கட்டப்பட்ட கல்லும் அகற்றப்பட்டன.' கீழே படம். எனக்கு எட்டு மாதம் முந்தைய தேதி.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜெசிந்தா எழுந்து நின்று சாப்பாட்டுக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "தோப்புல செருப்புக் கட்டித் திட்டு வாங்குனவங்க கை தூக்குங்க!"

முதலில் யாரும் தூக்கவில்லை. அப்புறம் ஒரு கை. அப்புறம் நாலு. நாற்பது பேரில் பதினோரு பேர்! சூப்பர்வைசர் உள்பட. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் இந்த அசிங்கத்தைப் பண்ணிவிட்டோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். செருப்பையும் கல்லையும் ஒரு நாள்கூட விட்டுவைக்காமல் எடுத்ததால் ஒருவர் மரமும் பூக்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு வெறும் கல்லை மட்டும் என்னைக் கட்ட வைத்ததும் அந்த அறிவிப்புதான். அவர்கள் தடுக்காமல் இருந்திருந்தால் ஜெசிந்தா மரம் என்னுடையதற்கு முன்பே பூத்திருக்கும்.

பத்திரம் எங்கே என்று நிவேதிதா கேட்டாளே, பத்திரம் இதோ. எழுதி வைத்தவர்களே அவர்கள்தான், படத்தோடும் தேதியோடும்.

விவசாயச் சங்கத்து வக்கீல் ஒருவர் அந்தக் காப்புரிமையை எதிர்த்து மனுப் போட்டார். நாங்கள் அறிவிப்புகளைத் திரட்ட ஆரம்பித்தோம். தோப்புக்குள் எழுதினால் அழித்துவிடுவார்கள் என்று பஸ்ஸில், கோயிலில், ரேஷன் கடையில் வாயால் சொல்லிச் சொல்லிப் பரப்பினோம். ஒன்பது நாளில் தென்காசியிலிருந்து ஓசூர் வரை ஆறாயிரத்துச் சொச்சம் அறிவிப்புகள் வந்து சேர்ந்தன. விதவிதமான செருப்பு, விதவிதமான கல். ஒருவர் கல்லோடு தேய்ந்த விளக்குமாற்றையும் சேர்த்துக் கட்டியிருந்தார்.

திங்கட்கிழமை விசாரணை. கெடுவின் கடைசி நாளும் அதுதான். விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், எதையும் இரண்டு முறை படிக்கிறவர். மயில்சாமி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்க்கவில்லை.

நெடுவனத்து வக்கீல் சிரித்துக்கொண்டே சொன்னார்: "செருப்பு கட்டறது மூடநம்பிக்கைங்க மேடம். மரத்துக்கு ரோசம் வரும்னு நினைச்சுக் கட்டறாங்க. எங்களோடது அறிவியல். கிளை வளையும்போது உள்ள ஓடற சாறு மாறி மொட்டு வருது. ரெண்டும் ஒண்ணில்ல."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "என்ன நினைச்சுக் கட்டறாங்கன்னு மரத்துக்குத் தெரியணுமா? படத்துல கல் இருக்கு, கிளை வளைஞ்சிருக்கு. உங்க நிறுவனமே 'அதனுடன் கட்டப்பட்ட கல்லும்'னு எழுதியிருக்கு. ஆறாயிரம் தடவை."

வக்கீல் அசரவில்லை. என் பதிவைப் போட்டார். 'யாரும் சொல்லித் தரலம்மா. நானேதான் யோசிச்சேன்.' கூடம் முழுக்க என் குரல். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இது உங்க குரல்தானா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆமாங்க."

"இதுல சொன்னது உண்மையா?"

"பொய்ங்க."

"பொய்னு இங்க ஒத்துக்கிட்டா நிறுவனம் உங்க மேல வழக்குப் போடலாம். தெரியுமா?"

"போடட்டுமுங்க."

"எதுக்காகப் பொய் சொன்னீங்க?"

இதற்கு எங்கள் வக்கீல் ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். அது மறந்துபோய்விட்டது. மனதில் இருந்ததுதான் வந்தது.

"இருவத்தாறு வருசமா அடுத்தவங்க தச்ச துணியில குத்தம் மட்டுமேதாங்க பாத்துட்டு இருக்கறேன். என்னைய யாரும் எதுவும் கேட்டதில்லீங்க. ஒரு நாளைக்கு ஒரு புள்ள கூப்புட்டு, நீங்களா யோசிச்சீங்களான்னு கேட்டுது. ஆமான்னு சொல்லோணும்னு இருந்துச்சுங்க. ஒரே ஒருக்கா. அதுக்கு என்ற தம்பி தோட்டம் போகுமுன்னு தெரியாதுங்க."

அதிகாரி எதையோ எழுதினார். உத்தரவு நாளை மதியம் என்றார். எங்கள் வக்கீல், அதுவரை சிக்னல் அடிக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார். 'பொறுப்புள்ள நிறுவனம் காத்திருக்கும் என்று நம்புகிறேன்' என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுந்துவிட்டார். நம்பினாராம்!

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நான் மூலனூர் பஸ்ஸில் இருந்தேன். தோட்டத்துக்குள் நுழைந்தபோது மணி எட்டு. தரையெல்லாம் வெள்ளை. முந்நூறு மரத்தின் பூவும் கீழே கிடந்தது. விரல் நீளத்துக்கு விட்டிருந்த பிஞ்சுகளும் கிடந்தன. மேலே வெறும் செருப்பும் கல்லும் தொங்கிக்கொண்டிருந்தன. மயில்சாமி வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"ஆறு அடிச்சதும் கம்பத்துல பச்சை லைட்டு எரிஞ்சுது" என்றான், என்னைப் பார்க்காமலே. "மழை பேயறாப்புல சத்தம்."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது? கெடு திங்கள் ராத்திரியோடு முடிந்துவிட்டது, உத்தரவு இன்னும் வரவில்லை. நடுவில் கிடைத்த சந்தில் செய்திருக்கிறார்கள், சட்டப்படி. இந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

"தப்பு பண்ணீட்டேன் சாமி" என்றேன்.

அவன் கீழே கிடந்த ஒரு பிஞ்சை எடுத்துத் துடைத்தான். பிறகு, "நேத்து அத்தன பேரு முன்னாடி பொய்ன்னு சொன்னயே, அது போதும். வுடு" என்றான்.

பன்னிரண்டரைக்கு வக்கீல் கூப்பிட்டார். உத்தரவு வந்துவிட்டது. அந்த முறை யாருக்கும் சொந்தமில்லை, கண்டுபிடித்தவர் என்று யாரும் இல்லை, யார் வேண்டுமானாலும் எந்த மரத்திலும் எதை வேண்டுமானாலும் கட்டலாம், கம்பம் இனி சிக்னல் அனுப்பக் கூடாது. ஜெயித்துவிட்டோம் என்று வக்கீல் கத்தினார். மயில்சாமி போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"ஒரு அரை நா முந்தி சொல்லியிருக்கப்படாதா" என்றான்.

அடுத்த நிமிடமே என் போனும் சிணுங்கியது. என் பட்டம் திரும்பப் பெறப்பட்டதாம், என் தோப்பு மூடப்பட்டதாம். இரண்டு அறையும் மாட்டுக் கொட்டகையும் போயிற்று. அட, போகட்டும்.

"சோலார்காரங்களுக்கு என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"ஆடி வரைக்கும் பொறுக்கச் சொல்றேன். மரம் சாகுலயே. வேற கிளையில மறுக்கா கட்டிப் பாக்கலாம்" என்றான். எழுந்து போய், கிளைகளில் கட்டியிருந்ததை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தான்.

எனக்கு உட்கார முடியவில்லை. வயலின் ஓரத்தில் அந்தக் கம்பம் நின்றது, பச்சை விளக்கை அணைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி. நேராக அதனிடம் போனேன். காலில் கிடந்த செருப்பைக் கழற்றினேன். செக்கிங்கில் நின்று நின்று குதிகால் தேய்ந்துபோன செருப்பு. சேலை முந்தானையில் கொஞ்சம் கிழித்துக் கயிறாக்கி, ஒரு கல்லும் சேர்த்து, எட்டுகிற உயரத்தில் இறுக்கிக் கட்டினேன்.

"அதுக்கு எதுக்குக்கா?" என்று மயில்சாமி அங்கிருந்தே கத்தினான்.

"இந்தத் தோட்டத்துல இத்தன வருசமா நின்னுட்டு ஒண்ணுமே காய்க்காதது இது ஒண்ணுதான!"

அவன் முதலில் வெறித்துப் பார்த்தான். அப்புறம் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவிழ்த்த செருப்புகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தான். இரண்டு பேருமாகக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். சத்தமாக வாசித்தான்.

"அன்புத் தோட்டக்காரரே. உங்கள் கம்பத்தில் காலணி கண்டறியப்பட்டது. இது நம் சமூக நெறிகளுக்குப் புறம்பானது..."

"படம் இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குது."

"தேதி?"

"அதுவும் போட்டிருக்குது."

"அழிச்சுப்போடாத கண்ணு" என்றேன். "பத்திரமா வையி."